மருந்துக் கவுண்டரும் என் ஜெபக் குறிப்பும்

ஆஸ்பத்திரிக் கவுண்டரில் மருந்து எடுத்துக் கொடுப்பவர்களுக்கு டாக்டரின் கையெழுத்து ஒரு பிரச்சினையே இல்லை. ஒரே நிறத்தில் வரும் மாத்திரைப் பெட்டிகள்தான் பிரச்சினை. திருவனந்தபுரத்தில் பதினோரு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். வேலைக்குக் கிளம்பும்போதே பயப்படுகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், நீங்களும் நானும் ஒரே கூட்டம்.

பஸ் தாமதமான நாள்

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை அது. ஒரு பெரியவரின் சீட்டில் இருந்தது இரண்டு மில்லிகிராம். அதே நிறப் பெட்டியிலிருந்து நான் கொடுத்தனுப்பியது ஐந்து. ஆள் போன பிறகு, பெட்டியைத் திருப்பி வைக்கும்போதுதான் கண்ணில் பட்டது. வெள்ளைக் கோட்டோடு அப்படியே ஓடினேன். நல்லவேளை, அவர் வாசல் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார். "தப்பான மருந்து கொடுத்திட்டேன், மன்னிக்கணும்" என்று மாற்றிக் கொடுத்தேன். அளவு கூடினால் ரத்தக்கசிவு வரும் என்ற ஆபத்து அவருக்குப் புரியவே இல்லை. "இதுக்கா இப்பிடி ஓடி வந்தே மோளே? விதுரா ஊருக்குப் போற பஸ் லேட்டானது நன்னாயி" என்றார் மலையாளம் கலந்து.

நாலாவது தடவை

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்று முதல் ஒவ்வொரு அட்டையையும் நாலு தடவை பார்ப்பேன். எங்கள் ஊர் பாறசாலைக்கு ரயிலில் திரும்பும்போது, அன்றைக்குக் கொடுத்த மருந்தையெல்லாம் மனசுக்குள் இன்னொரு முறை கொடுப்பேன். ராத்திரி உறக்கம் வராது. மூன்று மாசம் இப்படியே போனது. ஒரு நாள் வெறும் பாராசிட்டமால் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வரிசை வாசல் வரை நீண்டுவிட்டது. முன்னால் நின்ற கல்லூரிப் பெண் பொறுமையாகச் சொன்னாள்: "சேச்சி, நீங்க பாத்து முடிக்கதுக்குள்ள என் தலைவலி தானா போயிரும் போலிருக்கே."

ஜெபக் குறிப்பு

ராஜினாமாக் கடிதத்தை எழுதிப் பையில் வைத்திருந்த வாரம், எங்கள் சபையில் ஜெபக் கூட்டம். வழக்கமாகப் பரீட்சை, கல்யாணம், ஆபரேஷன் என்று, மற்றவர்கள் நமக்காக ஜெபிக்க வேண்டியதைத்தான் ஜெபக் குறிப்பாகச் சொல்வோம். என் முறை வந்தபோது என்ன ஆனதோ, "எனக்கு வேலைக்குப் போகவே பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டேன்.

பின்வரிசையிலிருந்து ஸ்கூல் வேன் ஓட்டும் ஸ்டீபன் அண்ணன் எழுந்தார். ஆள் ஆறடி உயரம், தூண் மாதிரி இருப்பார். "எனக்கும் சேர்த்து ஜெபியுங்க. பிள்ளையள ஏத்தி வண்டிய எடுத்தா எனக்கும் பயமாத்தான் இருக்கு. இத்தன வருஷமா வீட்டுல கூடச் சொல்லல."

சாஜு சாரின் அறை

அந்த ஜெபத்தில் அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. ஆண்டவர் என்னைத் தப்பே செய்யாதவளாக மாற்றிவிடவும் இல்லை. ஒளித்து வைத்ததைச் சொல்லும் தைரியத்தை மட்டும் தந்தார். அது போதுமாக இருந்தது. மறுநாள் எங்கள் பொறுப்பாளர் சாஜு சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகும் என்றே நினைத்தேன். அவர் எழுந்து கவுண்டருக்கு வந்து, அந்த இரண்டு பெட்டிகளையும் வேறு வேறு அலமாரியில் வைத்தார். இனி அந்த வகை மாத்திரைகளை இரண்டு பேர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொன்னார். பிறகு என்னிடம், "இத நேரத்தே சொல்லியிருந்தா மூணு மாசம் நீ உறங்காம இருந்திருக்க வேண்டாமே, ஜெசி" என்றார்.

பத்து மாசக் குழந்தை

இப்போது ஷட்டர் திறக்குமுன் ஒரு நிமிஷம் கண்ணை மூடி, "ஆண்டவரே, என் கண்ணையும் கையையும் பிடிச்சுக்கும்" என்று மட்டும் கேட்கிறேன். போன மாசம் ஒரு குழந்தைக்கு எழுதியிருந்த சிரப்பின் அளவு கூடுதலாகத் தெரிந்தது. முன்பு என்றால், கொடுக்கவும் பயம், டாக்டரைக் கேட்கவும் பயம் என்று உறைந்து நின்றிருப்பேன். இப்போது போனை எடுத்துக் கேட்டேன். "நீங்க கேட்டது சரிதான், பாதி கொடுத்தா போதும்" என்றார் டாக்டர். தாயிடம் அதை விளக்கிச் சொல்லி, அளவைப் பாட்டிலில் எழுதிக் கொடுத்தேன். அவர் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டே, "உங்க முகத்துல பதட்டம் இல்ல பாருங்க, அதனாலதான் நானும் பதறல" என்றார்.

பயம் முழுசாகப் போய்விட்டது என்று சாட்சி சொல்ல எனக்கு வாய் வராது, அது தினமும் என்னோடு வேலைக்கு வருகிறது. ஆனால் கர்த்தருக்கு ஸ்தோத்திரம், இப்போதெல்லாம் கவுண்டருக்கு வெளியேதான் நிற்கிறது.