குறை சொல்ல ஆள் தேடின மருமக

"நான் என்ன கடையா போட்டு உக்காந்திருக்கேன், அத்தை? விலை வெக்கச் சொல்றீங்க!"

என் மூஞ்சிக்கு நேராவே கத்துனா என் மருமக. கையில இருந்த டம்ளரை டங்குனு மேசை மேல வெச்சா. நானும் விடல. "சும்மா குடுக்கிறதை எவ மதிப்பா? ரெண்டு வருஷமா கூவுற, ஒரு ஈ காக்கா வரல. ஒரு விலையைப் போடு. அப்பதான் இதுல ஏதோ இருக்கு போலன்னு திரும்பிப் பாப்பாங்க"ன்னேன்.

அவ அப்படி என்னத்தைக் குடுத்தான்னு சொல்லிடறேன். காய்கறியை மூட்டை மூட்டையா எடை போட்டு அனுப்புற கிடங்குல கம்ப்யூட்டர் வேலை பாத்தா. அங்க எட்டு தராசு, நாலு கம்பெனி தயாரிப்பு. ஒவ்வொண்ணும் கம்ப்யூட்டர்கிட்ட ஒவ்வொரு மாதிரி பேசுமாம். ஒண்ணு வளவளன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். ஒண்ணு நாலு தடவை கேட்டாத்தான் வாயைத் தொறக்கும், எங்க வீட்டு ஆம்பளைங்க மாதிரி. எல்லாத் தராசு பேச்சும் புரியற மாதிரி இவ ஒண்ணு எழுதினா. அதுக்கு லைப்ரரின்னு பேராம். சட்டை தைக்கிறவன் பட்டனையும் அவனேவா செய்யறான்? வாங்கித் தெச்சுக்கறான்ல, அந்த மாதிரி. புரோகிராம் எழுதுறவங்க இதை எடுத்து அவங்க வேலையில சேத்துக்கலாம். காசு கிடையாது. உள்ள என்ன எழுதியிருக்குன்னு யாரு வேணா பாக்கலாம், திருத்தலாம். ஓப்பன் சோர்ஸாம்.

கிடங்கை மூடிட்டாங்க. இவ இதை மட்டும் விடல. "பல இடத்துல ஓடுச்சுன்னா நாலு பேராவது என்கூட சேந்து பாத்துக்குவாங்க அத்தை. நான் ஒருத்தியே கட்டிக்கிட்டு அழுதா, நான் விடற அன்னிக்கு அதுவும் போச்சு"ம்பா.

அந்தச் சண்டை வந்தது ஒரு கடுதாசியால. பெரிய கம்பெனி ஒண்ணு இவளைக் கூப்பிட்டுச்சு. நல்ல சம்பளம். ஆனா நடுவுல ஒரு வரி: சேந்ததுக்கப்புறம் தராசு சம்பந்தமா இவ எதை எழுதினாலும் அவங்களுக்குத்தான் சொந்தம், இந்த இலவச லைப்ரரியைத் தொடவே கூடாது. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். என் மகன் பஸ் ஓட்டுறான். ஒரு சம்பளத்துல நாலு வயிறு. நான் சேருன்னுதான் சொன்னேன், சேரலன்னா விலையாவது வைன்னேன், இதுல மறைக்க என்ன இருக்கு.

அவ ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தா. அப்புறம் சொன்னா: "பத்து பேரு உபயோகிக்கறாங்கன்னு தெரிஞ்சா வேலை வேணாம். யாருமே இல்லன்னா சேந்துடறேன்."

"ஒருத்தராவது இருக்காங்களா?"

"இருக்கணும் அத்தை. ரெண்டு வருஷமா ஒரு குறைகூட வரல. அவ்வளவு சுத்தமா எழுதியிருக்கேன்."

என்ன பெருமை பாருங்க! சமைச்சு வெச்ச சட்டியை யாரும் தொடலைன்னா, உப்பு சரியா இருக்குன்னு அர்த்தமா?

எங்க தெருக்கோடியில துணியை எடை போட்டுத் துவைக்கிற கடை இருக்கு. அங்க கம்ப்யூட்டர் பாக்கிறவ இவளைவிட பத்து வயசு மூத்தவ. வாய் என்னைவிட நீளம். போர்வை மூட்டையோட நாங்க ரெண்டு பேரும் போனப்ப, மருமக லைப்ரரியை எடுத்துப் பாருங்கக்கான்னு கேட்டா.

"இதுவா? போன வருஷமே பாத்தேனே. வேலைக்காகலன்னு தூக்கிப் போட்டுட்டேன்"னா அவ.

மருமக மூஞ்சி செத்துப்போச்சு. "எங்கக்கா நின்னுச்சு? காட்டுங்க, நான் சொல்றேன்..."

"நீ ஒண்ணும் சொல்லாத. எப்படி ஓட்டறதுன்னு நெட்ல உன் பக்கத்துல என்ன எழுதியிருக்கோ அதைப் பாத்து நான் செய்யறேன். நீ என்ன, கடை கடையாவா போய் உக்காருவ?"

மருமக போர்வை மூட்டை மேலயே உக்காந்தா. கடைக்காரி படிச்சுப் படிச்சுத் தட்டினா. ரெண்டாவது வரியிலயே செவப்பா என்னமோ வந்து நின்னுச்சு. மறுபடி தட்டினா, மறுபடி செவப்பு. இவ சொல்லவும் முடியாம, போர்வை முனையை வாயில திணிச்சுக்கிட்டா. நான் கத்தினேன்: "அழுக்குத் துணிடி அது!"

என்ன விஷயம்னா, தராசு வயர்ல வர்றதைப் படிக்க இன்னொரு சின்ன புரோகிராமை முன்னாடியே போட்டிருக்கணுமாம். இவ கம்ப்யூட்டர்ல அது எந்தக் காலத்துலயோ போட்டது. அதனால இவளுக்கு ஒரு தடவையும் நிக்கல. அதைப் பக்கத்துல எழுதணும்னும் தோணல. ரெண்டு வருஷமா வந்தவங்க எல்லாரும் வாசப்படியிலயே இடறி விழுந்து, சத்தமில்லாம போயிட்டாங்க. இவளோ குறையே வரலன்னு பூரிச்சுக்கிட்டு இருந்தா.

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை அழிச்சு முதல்ல இருந்து எழுதினா. எழுதி எழுதி அந்தக் கடைக்காரிகிட்டயே ஓடினா. மூணாம் தடவை ஒரு வார்த்தை கேக்காம அவ தராசை ஓட்டிட்டா. அவளே தனக்குத் தெரிஞ்சவங்க நாலு பேருக்குச் சொல்ல, அவங்க இன்னும் யார் யாருக்கோ சொல்ல, மூணே வாரத்துல முப்பது குறை வந்துச்சு. அது ஓடல, இது தப்பு, உனக்கு அறிவிருக்கான்னு. இவ படிச்சுப் படிச்சுச் சிரிக்கிறா.

"திட்டறாங்க, இளிக்கிறியே?"

"எடுத்து ஓட்டறவங்கதான் அத்தை திட்டுவாங்க."

விலை வெக்கச் சொன்னது நான்தான். தப்புதான். ஆனா வேலைக்குச் சேருன்னு சொன்னது இன்னிக்கும் தப்புன்னு நெனைக்கல.

பதில் எழுத வேண்டிய கடைசி நாள், எங்கயோ ஒரு ஆஸ்பத்திரியில இருந்து குறை வந்துச்சு. அங்க பச்சைக் குழந்தையை எடை போடற பழைய தராசு. இவ லைப்ரரி மூணு கிலோ குழந்தையை முப்பது கிலோங்குதாம். "பெத்தவ எந்திரிச்சே இருக்க மாட்டா"ன்னு நான் சிரிச்சேன். இவ சிரிக்கல. அந்தத் தராசைக் கண்ணால பாக்காம திருத்த முடியாது, அதைச் செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல. செருப்பை மாட்டினா. நாலு பழைய சாமான் கடை ஏறி இறங்கினோம். நாலாவதுல, ஓடாத ஃபேனுக்கு அடியில, அதே மாதிரித் தராசு ஒண்ணு மூலை உடைஞ்சு கெடந்துச்சு.

தராசைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டா, குழந்தையை வெக்கிற மாதிரி. கம்பெனிக்கு என்ன பதில்னு நான் கேக்கல. என் மகனுக்கு இதை எப்படிச் சொல்லப்போறன்னும் கேக்கல. கடைக்காரன் வாயில வந்த விலையைச் சொன்னான். நான் பேரம் பேச வாயெடுக்கறதுக்குள்ள இவ எண்ணிக் குடுத்துட்டா, தொள்ளாயிரத்து அம்பது.