அணைத்து வைத்த டிவி

எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டில், கருத்தரங்கில் நன்றாகப் பேசும் இருவருக்குத்தான் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் கோடைப் பயிற்சிக்குக் கடிதம் தருவேன் என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தக் கடிதம் எனக்கு வேண்டும். வகுப்பில் யாரும் தொடாத தலைப்பைக் கேட்டு வாங்கினேன்: அணுகுண்டு வெடிப்பில் கிளம்பும் மின்காந்தத் துடிப்பு.

கருத்தரங்குக்கு முந்தைய ஞாயிறு, திருப்போரூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் ஒத்திகை. புரொஜெக்டரில் வைக்க ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய கண்ணாடித் தாள்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு அம்மாவுக்கும் நைனாவுக்கும் விளக்கினேன். காற்று மண்டலத்துக்கு மேலே குண்டு வெடித்தால் காமாக் கதிர்கள் கீழே பாய்ந்து, காற்றின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைத் தட்டிவிடும். ஓடும் எலக்ட்ரான்களைப் பூமியின் காந்தப்புலம் வளைக்கும். கோடானுகோடி எலக்ட்ரான்கள் ஒரே கணத்தில் வளைவதால் பெரிய ரேடியோ அலை பிறந்து தரைக்கு வரும்.

"கீழ கீற ஆளுங்களுக்கு இன்னா ஆவும்?" என்றார் நைனா.

"அலையால ஆளுக்கு ஒண்ணும் ஆவாது நைனா. டிவி, போன்தான் பூடும்."

கடைசித் தாளில், 'கருவியை அணைத்து வைத்தால் பாதுகாப்பு' என்று எழுதியிருந்தேன். படித்துக் காட்டினேன். அம்மா சிரித்துவிட்டார்.

"இன்னாடி சொல்றே? ஐப்பசில இடி இடிச்சப்ப சுவிட்ச நான்தானே அணைச்சேன்? அப்பறம் எப்டி டிவி பூட்ச்சி?"

"ஆன்டெனா ஒயர கழட்னியா நீ?" என்றார் நைனா. "அதுல புடவ காயப்போட்டுகினு இருந்தே!"

"கழட்னா துணி மண்ணுல வுழாதா?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் மாடியில் ஆன்டெனாவின் பட்டை ஒயர்தான் கொடிக்கயிறு. சுவிட்ச் அணைந்திருந்தாலும், பக்கத்தில் விழுந்த மின்னலின் துடிப்பை அந்த நீண்ட ஒயர் வாங்கி டிவிக்குள் கொண்டுபோயிருக்கிறது. குண்டின் துடிப்பும் அப்படித்தான் நுழையும். புத்தகத்தில் நீளமான கம்பிகளைப் பற்றிய பக்கத்தை இரண்டு முறை படித்தும், எங்கள் மாடியை நான் நினைத்துப் பார்க்கவில்லை. ஈரத்துணியால் கடைசி வரியை அழித்தேன்.

புதன்கிழமை செங்கல்பட்டிலிருந்த எங்கள் கல்லூரியில் பேசினேன். அணைத்து வைத்தாலும் நீண்ட கம்பி வழியாகத் துடிப்பு நுழையும் என்று முடித்ததும் துறைத்தலைவர் கேட்டார்: "அப்போ மாடியில ஒரு இடிதாங்கி வெச்சிட்டா போதுமேம்மா?"

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

"போதாது சார். மின்னல் ஒரு இடத்துல விழும், அதுக்கு பூமிக்குப் போற வழியை இடிதாங்கி காட்டும். இது விழுறதில்ல. பெரிய பரப்புல இருக்கிற எல்லாக் கம்பிலயும் ஒரே சமயத்துல ஏறும். மின்னலைவிட ரொம்ப வேகமாவும் ஏறும். கம்பியைக் கழட்டணும், இல்ல கருவியைச் சுத்தி முழுசா உலோகக் கூடு போடணும்."

அவர் பேனாவை மூடினார். "இதை எந்தப் புத்தகத்துல படிச்சே?"

"புத்தகத்துல பாதி சார். மீதி எங்க அம்மா கேட்ட கேள்வி."

வெள்ளிக்கிழமை அறிவிப்புப் பலகையில் முதல் பெயர் என்னுடையது. இன்னொரு இடம் யாருக்கு என்று நான் பார்க்கவே இல்லை. திருப்போரூர் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.