ஆறும் கடலும் சேர்ந்து ஓட

வெள்ள முன்னறிவிப்பு அலுவலகத்தில் அவளுக்குப் ‘பஞ்சாயத்து’ என்று பட்டப்பெயர். முகம் கொடுத்துப் பேசாத இரண்டு குழுக்களுக்கு நடுவே அலைவதுதான் அவள் உத்தியோகம். ஆற்றைக் கணிக்கும் நிரல் ஒரு குழுவினுடையது, கடல் மட்டத்தைக் கணிப்பது இன்னொன்றினுடையது. இரண்டும் வெவ்வேறு கணினிகளில் ஒரே சமயத்தில் ஓடி, ஒன்றின் விடையை மற்றொன்று வாங்கிக்கொள்ள வேண்டும். நடந்ததோ வேறு. ஆறு கடலுக்காகக் காத்திருக்கும், கடல் ஆற்றுக்காகக் காத்திருக்கும், திரை அசையாது. ஆற்றுப் பொறியாளர் கடல்காரர்களைத் திட்டுவார், அவர்கள் இவரை.

அவள் யாருடைய நிரலிலும் கை வைக்கவில்லை. நடுவில் பொதுப் பலகை போல ஒரு மென்பொருள் எழுதினாள். ஒவ்வொரு நிரலும் தன் விடையை அதில் வைக்கும், வேண்டியதை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஒன்று தாமதித்தால் எவ்வளவு பொறுப்பது, அப்புறம் எந்தப் பழைய விடையோடு நகர்வது என்பதையும் அந்த மென்பொருளே பார்த்துக்கொள்ளும். அதற்கே வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டாள்.

அவள் அக்கா கணவர் ஆற்றங்கரைத் தெருவில் அச்சகம் வைத்திருந்தார். ஒருநாள் கேட்டார்: “இதுல நீ சொந்தமா என்னதான் கணிச்ச?”

“நான் எதையும் கணிக்கல அத்தான். கணிக்கிறவங்க ஒருத்தரை ஒருத்தர் மறிச்சுக்கிட்டு நிக்காம பாத்துக்கறேன்.”

அவருக்கு அது ஒரு வேலையாகவே படவில்லை.

புயல் வந்த அன்று காலை கடல் குழுவின் கணினி படுத்துவிட்டது. முன்பென்றால் எல்லாமே நின்றிருக்கும். இம்முறை ஆறு நிற்கவில்லை. முந்தைய நாள் கடல் மட்டத்தை எடுத்துக்கொண்டு ஓடி முடித்து, கரையோரத் தெருக்களில் மாலைக்குள் இடுப்பளவு தண்ணீர் என்றது. மேலாளர் தயங்கினார். அரைகுறைக் கணிப்பை நம்பி ஜனங்களைக் கிளப்புவதா, கணினி சரியாகட்டுமே என்றார்.

அவள் திரையின் மேல்வரியைக் காட்டினாள். “கடல் எண் பழசுன்னு இங்கயே போட்டிருக்கு சார். பழைய எண்ணுக்கே இடுப்பளவு வருது. புயல்ல கடல் ஏறத்தான் செய்யும். இதுக்குக் குறையாது, இப்பவே சொல்லிடலாம்.”

ஆற்றுப் பொறியாளரும் எழுந்து வந்து அவள் பக்கம் நின்றார். மதியத்துக்கு முன்பே எச்சரிக்கை போனது.

தண்ணீர் கழுத்தளவுக்கு வந்தது. வீடுகளில் ஆள் இல்லை. அச்சு இயந்திரங்கள் சேற்றோடு போயின. அத்தானும் அக்காவும் பிள்ளைகளும் அவளுடைய மாடி வீட்டில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள்.

மறுவருடம் மண்சரிவைக் கணிக்கும் குழு ஒன்று புதிதாக வந்தது. அவர்களையும் அந்தப் பலகையில் சேர்க்க அவளுக்கு ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது.