இருபது விநாடி மௌனம்

என் அக்காவுக்குக் காது பரிசோதனை நிலையத்தில் வேலை. சத்தம் புகாத சின்னக் கண்ணாடி அறையில் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பாள். சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் வரை அதை அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தியிருக்கும் வரை வெளியே அவள் மேசையில் விளக்கு எரியும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதே அறையில் பேஸ் கிட்டாரோடு உட்கார்ந்து, ஒரு வருடத்தில் ஓர் ஆல்பம் பதிவு செய்தாள். பாடகர் கிடையாது. உறுமும் பேஸ், தோழி பிளாஸ்டிக் டிரம்மில் தட்டும் தாளம், நடுநடுவே பரிசோதனைக் கருவியின் பீப் சத்தம், அவ்வளவுதான். "பேய்க்கு வயித்து வலி வந்த மாதிரி இருக்குடி" என்பாள் தோழி. அவளை நாங்கள் டமாரம் என்றுதான் கூப்பிடுவோம்.

நாலாவது பாட்டின் நடுவில் அக்கா இருபது விநாடி மௌனம் விட்டிருந்தாள். கேட்பவர் மூச்சை நிறுத்த வேண்டும் என்று ஆசை. சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, டமாரத்தின் கையில் பொத்தானைக் கொடுத்தாள். மௌனத்தில் விளக்கு அணையவே இல்லை.

"விளையாடாதடி எருமை."

"நீதான்டி விளையாடுற. உள்ள யாரோ வாயை மூடிக்கிட்டு முனகுறாங்க."

அடுத்து என்னை உட்காரவைத்தாள். எனக்கும் கேட்டது. கழுத்துக்குப் பின்னால் யாரோ நிற்பது போல இருந்தது.

அக்கா ஹெட்போனைப் பிடுங்கி மூன்று முறை கேட்டாள். "ஒண்ணுமே இல்லையேடா! ரெண்டு பேரும் சேர்ந்து காதுல பூ சுத்துறீங்களா?"

சொல்லும்போதே முகம் வெளுத்துவிட்டது. அவளே உள்ளே போய் உட்கார்ந்து, கருவியை என்னிடம் விட்டாள். கீச்சென்ற ஒலிகளுக்கு விளக்கு உடனே எரிந்தது. உறுமும் அடி ஒலிகளுக்கு வந்தபோது, சத்தத்தைக் கூட்டும் குமிழைப் பாதிக்கு மேல் திருப்பிய பிறகுதான் எரிந்தது.

வெளியே வந்து, கருவி வரைந்திருந்த தன் காதின் வரைபடத்தைப் பார்த்தாள். எத்தனையோ பேருக்கு அதை விளக்கிச் சொன்னவள்.

"தடிக் கம்பிய நான் அமுக்கி நிறுத்தவே இல்லடி. நின்னுடுச்சுன்னு நெனச்சேன். அது பாட்டுக்கு அதிர்ந்துக்கிட்டே இருந்திருக்கு."

"அந்த இடத்த அழிச்சிடலாமா?" என்றாள் டமாரம்.

"எதுக்கு? நான் வாசிச்சதுதானே."

போன கேட்கும் திறன் திரும்பாது என்றார் டாக்டர். ஆல்பம் அப்படியே வெளிவந்தது. வாசிப்பதையும் அக்கா விடவில்லை. முடித்ததும் எல்லாக் கம்பிகளையும் உள்ளங்கையால் அமுக்கிவிட்டு, "நின்னுடுச்சாடா?" என்று என்னைக் கேட்பாள். "நின்னுடுச்சுக்கா" என்பேன்.

நேற்றும் கேட்டாள். கம்பிகள் அசையவில்லை, நானே விரல் வைத்துப் பார்த்தேன். முனகல் மட்டும் நிற்கவில்லை.

அவள் பதிலுக்காக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.