ஐந்தாம் ஆட்டக்காரர் ஆஜர்

ஹாரன் அக்கா என்ற பெயரை அவளுக்கு வைத்தது யார் என்று விசாரித்தால் ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். வைத்தவர் யாரோ, காது நன்றாகக் கேட்கிறவர். டிரைவிங் ஸ்கூலில் அவள் பழக்கிக் கொடுக்கிற வெள்ளைக் காரின் ஹாரன் செத்து வெகுகாலம் ஆகிறது. முதலாளி சரிசெய்யவே இல்லை. "நீ இருக்கியே, அது எதுக்கு?" என்றுவிட்டார். அவள் கண்ணாடியை இறக்கி, "ஓரமாப் போங்க சார்!" என்று ஒரு குரல் கொடுத்தால் தெருமுனையில் தூங்குகிற நாய்கூட எழுந்து ஓரம் போகும்.

அவளிடம் கற்றவர்களுக்கு கியர் மறந்தாலும் ஒன்று மட்டும் மறக்காது: இடித்தால் இறங்க வேண்டும். ஒரு பேங்க் ஆபீசர் காரைப் பின்னால் எடுக்கும்போது யார் வீட்டுப் பூந்தொட்டியையோ சாய்த்துவிட்டு, "அது முன்னாடியே சாஞ்சுதான் இருந்துச்சு மேடம்" என்றார். அவள் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தாள்.

"இறங்குங்க சார்."

"சின்ன விஷயம் மேடம்..."

"சின்னதுக்கே இறங்கலேன்னா பெருசுக்கு எங்க இறங்கப் போறீங்க? போய் பெல் அடிங்க. நான்தான் சாய்ச்சேன்னு சொல்லுங்க."

ஆபீசர் போய்ச் சொன்னார். வீட்டுக்காரம்மா திட்டவில்லை. கிடைத்தது சாக்கு என்று, நகர்த்த முடியாமல் கிடந்த இன்னும் இரண்டு தொட்டிகளை அவரை வைத்தே இடம் மாற்றிக்கொண்டார்.

நாள் முழுக்க ரோட்டிலேயே இருக்கிறவளுக்குப் பெரிய கவலை பாத்ரூம்தான். அதைத் தேடித்தான் செருப்புக்கடைக்கு அடியில், பேஸ்மெண்டில் இருந்த ஆட்டக்கூடத்துக்குள் அவள் முதன்முதலில் நுழைந்தாள். லிஃப்ட் மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொண்டு, பிறந்த நாட்டை விட்டு இந்த நாட்டுக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கூடத்தில் ஆறு பை வைத்த பச்சை மேசைகள் நான்கு கிடந்தன. குச்சியால் வெள்ளைப் பந்தைத் தட்டி, அது போய் மற்றப் பந்துகளை இடித்துப் பைக்குள் தள்ள வேண்டும். எய்ட் பால் என்று பெயர். கை கழுவிக்கொண்டு வெளியே வந்தவளை, கொண்டையில் பென்சில் செருகிய ஒரு பெண் மடக்கினாள்.

"ஏங்க, குச்சி பிடிக்கத் தெரியுமா? ஒரு ஆள் குறையுது."

தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கை முந்திக்கொண்டது. ஏழு பந்துகள் வரிசையாகப் பைக்குள் போன பிறகு கொண்டைக்காரி கேட்டாள்: "பாத்ரூமுக்கு இனிமே தினம் வருவீங்களா?"

அந்தக் கொண்டைக்காரி மேல்மாடியில் பியூட்டி பார்லர் நடத்துகிறவள். அணியின் கேப்டன். எல்லாருக்கும் அவள் பெயரே பார்லர்தான். மற்ற மூவர் மருந்துக்கடை, பெரிய கூரியர், சின்ன கூரியர். கூரியர்கள் அக்கா தங்கை. ஒரே ஆபீசில் உட்கார்ந்துகொண்டு, பேச்சுவார்த்தை இல்லாதபோது ஒருத்திக்கு ஒருத்தி பார்சல் ஸ்லிப்பில் எழுதிக் காட்டுவார்கள். ஹாரன் அக்கா ஐந்தாவது ஆள். சனிக்கிழமை சனிக்கிழமையாக ஆடி, தெருவை ஜெயித்து, ஊரை ஜெயித்து, கடைசியில் நாட்டிலேயே முதல் அணி ஆனார்கள். அந்த வருடம் நாடுகளுக்கு இடையிலான அணிப் போட்டியும் இதே ஊரில் நடப்பதாக இருந்தது. பார்லர் ஐந்து சட்டைகள் தைக்கக் கொடுத்தாள். ஹாரன் அக்கா தன் சட்டையை வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றவே மறந்துபோய், அதோடு போய் இரண்டு பேருக்குப் பார்க்கிங் சொல்லிக்கொடுத்தாள்.

போட்டிக்குச் சில நாள் இருக்கும்போது எய்ட் பால் சங்கத்துச் செயலாளர் மேல்மாடிக் கடைக்கே தேடி வந்தார். நல்ல மனிதர், கெட்ட சேதி சொல்லும்போது வேர்க்கும். அன்று வரும்போதே வேர்த்திருந்தது. பார்லர் ஒரு அம்மாளுக்குத் தலைச்சாயம் பூசிக்கொண்டிருந்தாள். ஹாரன் அக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். செயலாளர் கண்ணாடியைப் பார்த்தே பேசினார்.

"எதிர் அணி ஒண்ணு புகார் கொடுத்திருக்கும்மா. விதி உங்களுக்கே தெரியும். பாஸ்போர்ட் இல்லாட்டியும், மூணு வருஷம் இங்கேயே தொடர்ந்து குடியிருந்தா இந்த நாட்டுக்கு ஆடலாம்."

"நான் பத்து வருஷத்துக்கு மேல இருக்கேனே சார்."

"ஆனா முன்னாடி வேற நாட்டுக்கு ஒரு தடவை ஆடியிருந்தாலும் குடியிருப்பு செல்லாது. இந்த நாட்டுப் பாஸ்போர்ட்டே வேணும்."

"கேட்டு எழுதிப் போட்டிருக்கேன். வரிசையில நிக்குது."

"வரிசை எப்போ நகரும்?"

"அதை நீங்க என்கிட்ட கேக்கறீங்களா சார்?"

அவர் போனை நீட்டினார். ஒரு பழைய படம். தொளதொள சட்டையில் ஒரு பெண் நாக்கைக் கடித்தபடி மேசைமேல் குனிந்திருந்தாள். சட்டையில் வேறு நாட்டின் பெயர்.

பார்லர் எட்டிப் பார்த்து, "இவ இல்லவே இல்ல. இவ எந்தக் காலத்துல இவ்ளோ ஒல்லியா இருந்தா?" என்றாள்.

"மூக்கு அதே மூக்குதான்," என்றார் சாயத்து அம்மாள்.

"நீங்க தலையை ஆட்டாதீங்கம்மா, காதெல்லாம் கறுப்பாகுது!"

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "ஸ்கோர்ல உங்க கணக்கு பூஜ்யம், ஆடாதவங்களுக்கும் அதேதான். ஆட்டத்துக்கு முன்னாடி பயிற்சியில எடுத்த படம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும். உங்க பழைய கேப்டன்கிட்டயும் பேசிட்டேன். நீங்க பெஞ்சுலதான் உக்காந்திருந்தீங்கன்னு அவங்களும் சொல்லத் தயார்."

டீ டம்ளரைக் கீழே வைத்தாள் ஹாரன் அக்கா. அவளுக்கு அந்தச் சட்டையின் வாடைகூட நினைவில் இருந்தது. அது வேறொருத்தியின் சட்டை. அவள் படியில் வழுக்கி மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டதால், தண்ணி பாட்டில் தூக்க வந்திருந்த பத்தொன்பது வயதுக்காரியான இவளைப் பிடித்து மேசைக்குத் தள்ளினார்கள். முக்கோணமாக அடுக்கிய பந்துக் கும்பலை உடைக்கிற முதல் அடி அவளுடையது. இருந்த பயத்தையெல்லாம் தோளில் ஏற்றி ஓங்கி அடித்தாள். வெள்ளைப் பந்து கும்பலை முட்டி, மேலே எகிறி, மேசையை விட்டே குதித்து, தரையில் இரண்டு தடவை துள்ளிச் சிறப்பு விருந்தினரின் நாற்காலிக்கு அடியில் போனது. எலி வந்ததுபோல் அவர் இரண்டு காலையும் தூக்கினார். கூடமே சிரித்தது. ஃபவுல். எதிராளி வந்து எல்லாப் பந்தையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். இவளுக்கு இரண்டாவது அடி வரவே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மேனேஜர் சொன்னார்: "இதை யாரும் வெளியில பேச வேணாம். அவ ஆடவே இல்லைன்னு வெச்சுக்குவோம்." கேப்டன் அக்கா தலையாட்டினாள். மறுபடி யாரும் கூப்பிடவில்லை. வீட்டில், நாட்டுக்காக ஆடிவிட்டு வந்தேன் என்று சொன்னபோது அண்ணன் போய் அணிப் பெண்களிடம் விசாரித்தான். வந்து, "ஏன்டி பொய் சொல்றே?" என்றான். அதற்குப் பிறகு, பாத்ரூம் தேடி அந்தப் பேஸ்மெண்டுக்குள் போகும்வரை அவள் குச்சியைத் தொடவில்லை.

"ஆடினேன் சார்," என்றாள்.

"அம்மா, ஒரே ஒரு அடி. அதுவும் ஃபவுல்."

"ஃபவுலா இருந்தா அடிச்சது நான் இல்லேன்னு ஆயிடுமா? வெள்ளை தானா குதிச்சுதா?"

பார்லர் சாயப் பிரஷ்ஷை அப்படியே உயர்த்தினாள். "ஒரு பொய் சொன்னா தேய்ஞ்சா போயிடுவே? நான் இங்க தினம் பத்து பேருக்கு நீங்க இளமையா இருக்கீங்கன்னு சொல்றேன், தேய்ஞ்சுட்டேனா?"

"என்னது?" என்றார் சாயத்து அம்மாள்.

ஹாரன் அக்கா சிரிக்கவில்லை. "அன்னிக்கு ஆடினேன்னு சொன்னேன், பொய்க்காரின்னாங்க. இன்னிக்கு ஆடலைன்னு சொன்னா அவங்க சொன்னது நெஜமாயிடும். கோணலோ நேரோ, அது என் அடி. யாருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டேன்."

அன்று சாயங்காலமே பழைய கேப்டன் அக்கா போன் செய்தாள். இப்போது அவள்தான் அந்த நாட்டு அணிக்கு மேனேஜர். "ஏண்டி, நான்தான் சொல்றேங்கறேனே. உனக்கு நல்லது பண்ணலாம்னா உதறிட்டு ஓடறியே."

"நீங்க அன்னிக்கும் என் நல்லதுக்குத்தான்க்கா தலையாட்டினீங்க," என்று வைத்துவிட்டாள்.

லிஃப்ட் மெக்கானிக் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவர் வழக்கப்படி இரண்டு மாடி ஏறுகிற நேரம் யோசித்தார். "நீ பண்ணது சரிதான். ஆனா அழணும்னா அழுதுடு. சட்டை நல்லாத் தச்சிருந்தாங்க," என்றார். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. மகள் ஒரு டம்ளர் தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். அவள் இங்கேயே பிறந்தவள். "இந்த வீட்ல இந்த நாட்டுப் பாஸ்போர்ட் வெச்சிருக்கறது நான் ஒருத்திதான்" என்று டிவி ரிமோட்டை யாருக்கும் தராதவள், அன்று அதைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

ஐந்தாவது இடத்துக்குச் சங்கத் தலைவரின் மச்சினர் மகளைப் போடுங்கள் என்று மேலிடத்திலிருந்து சொன்னார்கள். அந்தப் பெண் வேறு எங்கோ பிறந்து வளர்ந்து, விடுமுறைக்கு வந்திருந்தாள். பஸ் எங்கே ஏறுவது என்று தெரியாது. ஆனால் இந்த நாட்டுப் பாஸ்போர்ட் பளபளவென்று இருந்தது. பேஸ்மெண்டுக்கு வந்து துடைப்பத்தைப் பிடிப்பதுபோல் குச்சியைப் பிடித்து, பாவம், அவளே சொன்னாள்: "எனக்கு டென்னிஸ்தான் தெரியும் ஆன்ட்டி."

பார்லர் முடிவெடுத்தாள். "நாலு பேர் ஆடறோம். அஞ்சாவது இடம் காலியா இருக்கட்டும். வேற ஒருத்தி அதுல உக்காரக் கூடாது."

"ஒவ்வொரு தடவையும் ஒரு ஆட்டம் சும்மா போகுமே!" என்று மருந்துக்கடை பதறினாள்.

"போகட்டும். நாலுல மூணு ஜெயிக்கறோம்."

கூரியர்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். பெரியவள் ஸ்லிப்பில் என்னமோ எழுதினாள். சின்னவள் வாங்கிப் படித்துவிட்டு, "சரி"க்கு அடையாளமாகக் கட்டைவிரலைத் தூக்கினாள். ஹாரன் அக்கா மட்டும், "பைத்தியமாடி உங்களுக்கு?" என்று கத்தினாள். அன்று அவள் பேச்சை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

போட்டியின் முதல் நாள் அவள் பார்வையாளர் வரிசையில் முன்னால் உட்கார்ந்தாள். அணிச் சட்டை போடக் கூடாது என்பதால் டிரைவிங் ஸ்கூல் சட்டை. ஒருவருக்கு ஒரு ஆட்டம், மொத்தம் ஐந்து; நடுவில் ஜெயித்தாலும் தோற்றாலும் ஐந்தையும் நடத்தியே தீர வேண்டும். ஆள் வராவிட்டால் நடுவர் மூன்று தடவை கூப்பிட்ட பிறகே எதிரணிக்குப் புள்ளி. நம்மவர்கள் மூன்று ஜெயித்து ஒன்று தோற்றிருந்தார்கள். நடுவர் மைக்கை எடுத்தார்.

"ஐந்தாம் ஆட்டக்காரர்!"

காலி நாற்காலியில் யாரோ, குச்சி நுனியில் தேய்க்கிற சாக் கட்டி ஒன்றை வைத்திருந்தார்கள்.

"ஐந்தாம் ஆட்டக்காரர்!"

ஹாரன் அக்கா எழுந்து நின்றாள்.

"ஐந்தாம் ஆட்டக்காரர்!"

"இருக்கேன்!"

மைக் இல்லாமலே மைக்கை விஞ்சியது அந்தக் குரல். நடுவர் திடுக்கிட்டு, "நீங்க ஆட முடியாதும்மா" என்றார்.

"ஆடறேன்னு சொன்னேனா சார்? இருக்கேன்னு சொன்னேன்."

அரங்கம் சிரித்தது. ஆனால் இது அன்றைய சிரிப்பு இல்லை. கூடவே கைதட்டலும் வந்தது. விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். பார்வையாளர் "இருக்கேன்" என்று சொல்லக் கூடாது என்று எங்கும் இல்லை. அடுத்தடுத்த நாட்களில் அவளோடு சேர்த்துப் பக்கத்து வரிசைகளும் பதில் சொல்ல ஆரம்பித்தன. பேங்க் ஆபீசர் குடும்பத்தோடு வந்து, "இருக்காங்க!" என்று கை உயர்த்தினார். மகள் பாஸ்போர்ட்டையே தூக்கிக்கொண்டு நாற்காலி மேல் ஏறினாள்.

அரையிறுதியில் எதிரே வந்து நின்றது அவள் பிறந்த நாட்டு அணி. கூரியர் இருவரும் ஜெயித்தார்கள். மருந்துக்கடையும் பார்லரும் கடைசிப் பந்துவரை இழுத்துத் தோற்றார்கள். இரண்டுக்கு இரண்டு. மிச்சம் இருந்தது ஐந்தாவது ஆட்டம்.

நடுவர் மூன்று தடவை கூப்பிட்டார். மூன்று தடவையும் அரங்கமே, "இருக்காங்க!" என்றது. கடைசியில் அவள் குரல் தனியாக வந்தது. இந்தத் தடவை கொஞ்சம் உடைந்திருந்தது.

"இருக்கேன் சார்."

விதி விதிதான். புள்ளி எதிரணிக்குப் போனது. தோற்றார்கள். பார்லர் கொண்டையை அவிழ்த்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். "மறுபடி நடந்தாலும் இதேதான் பண்ணுவேன்," என்றாள் யாரிடமோ.

புள்ளியைச் சும்மா வாங்கிக்கொண்ட எதிரணிப் பெண் மேசையருகே நின்றாள். பத்தொன்பது இருபது வயது இருக்கும். ஜெயித்த முகம் இல்லை. ஹாரன் அக்காவைப் பார்த்து, "கணக்குல வராதுக்கா. இருந்தாலும் ஒரு ஆட்டம் போடலாமா?" என்றாள்.

நடுவர் கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பார்லர் தன் குச்சியை நீட்டினாள். பழைய கேப்டன் அக்கா எழுந்து வந்து, வெள்ளைப் பந்தைத் தன் கையாலேயே முதல் அடிக்கான கோட்டில் வைத்தாள்.

"அன்னிக்கு மாதிரி ஓங்காதேடி," என்றாள். சுற்றி நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னாள். "அன்னிக்கு நான் பாத்துட்டுத்தானே இருந்தேன்."

ஹாரன் அக்கா குச்சியை வாங்கிக்கொண்டாள். பிறகு குனிந்து, நாக்கைக் கடித்து, ஓங்கித்தான் அடித்தாள்.

வெள்ளை கும்பலை முட்டி, எகிறி, மேசையைத் தாண்டி, தரையில் துள்ளிச் செயலாளரை நோக்கிப் போனது. அவர் இரண்டு காலையும் தூக்கினார்.

"அடிச்சது நான்தான்!" என்றாள் அவள், யாரும் சிரிக்கத் தொடங்குவதற்குள். "வெள்ளை இனி உன் கையில பாப்பா, எங்க வேணா வெச்சுக்கோ. ஆடு."

அந்தப் பெண் நான்கு பந்துகள் போட்டாள். ஐந்தாவது, பையின் வாயில் நின்றுவிட்டது. தவறியதா, தவறவிட்டாளா என்று அவளைக் கேட்டுப் பயனில்லை. உதட்டை மடித்துக்கொண்டு ஒதுங்கிவிட்டாள்.

இரண்டாவது அடி. காலி நாற்காலியில் இருந்த சாக் கட்டியை எடுத்து ஹாரன் அக்கா குச்சியின் நுனியில் தேய்த்தாள். மேசையைச் சுற்றி வந்து பார்த்தாள். நல்ல பந்து ஒன்று நேராக நின்றது. ஆனால் குனிய வேண்டிய இடத்தில் செயலாளர் உட்கார்ந்திருந்தார், இன்னும் காலை இறக்காமல்.

"ஓரமாப் போங்க சார்!"