தம்புசாமி அண்ட் கோ மறைத்த ஆள்

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வீடுகளுக்கு எதிரே ‘தம்புசாமி அண்ட் கோ, போட்டோகிராபர்ஸ்’ என்று ஒரு பலகை தொங்கியது. தம்புசாமியை எல்லோருக்கும் தெரியும். கோ யாரென்று ஒருவருக்கும் தெரியாது. கேட்டால், “கோ வெளியூர் போயிருக்கு” என்பார். உள்ளூர் வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மனிதர். கோட்டுக் கையிலிருந்து வெளியே தெரியும் விரல்கள் மட்டும் அவர் பேச்சைக் கேட்காமல், போட்டோ மருந்துக் கறையேறி எப்போதும் கரி அள்ளியவன் விரல் மாதிரி இருக்கும்.

1912 வாக்கில் அவருடைய புகழெல்லாம் தபால் கார்டுப் படங்களால் வந்தது. கப்பலில் வந்திறங்கும் துரைமார்கள் ஊருக்கு அனுப்ப, சரித்திரம் உள்ள இடமாகப் படம் கேட்டார்கள். கோலாலம்பூரோ நேற்று வரை சேறும் ஈயமுமாக இருந்த ஊர். சரித்திரத்துக்கு எங்கே போவது? தம்புசாமி தன் மேசைக்குத்தான் போனார். ஒரு மரத்தைப் படமெடுத்து, கீழே, ‘கவர்னர் ஒருவர் செருப்பைக் கழற்றி மணல் தட்டிய மரம்’ என்று போட்டார். சுங்கை பூலோ போகும் வழியில் பாசி பிடித்த ஒரு கிணற்றுக்கு, ‘சுல்தானின் யானை நீர் பருக மறுத்த கிணறு’ என்று பெயர் வைத்தார். மறுத்த யானைதான் அதிகம் விற்றது.

கிள்ளானில் கடைத்தெரு முனையில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் கட்டிய சின்னப் பள்ளிவாசல் ஒன்று இருந்தது. வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர், மரத்தூண், ஓட்டுக் கூரை. அழகான கட்டடம். அழகு மட்டும் விலை போகாதே. எனவே, ‘மரக்கலப் பாவா சாய்ந்து இளைப்பாறிய பள்ளிவாசல்’ என்று தலைப்பை முதலில் எழுதிவிட்டு, படத்தை அப்புறம் எடுக்கப் போனார். மரக்கலப் பாவா என்று ஒரு மகான் இருந்ததேயில்லை. அவரும் கோ மாதிரிதான்.

துரைமார்களுக்குக் கட்டடம் வேண்டும், ஜனம் வேண்டாம். அதற்குத் தம்புசாமியிடம் ஒரு வித்தை இருந்தது. லென்ஸின் துவாரத்தை ஊசி முனையளவு சிறிதாக்கி, நெடுநேரம் திறந்து வைப்பார். குறுக்கே நடப்பவர்கள், வண்டி ஓட்டுபவர்கள், மாடுகள், எவரும் கண்ணாடித் தகட்டில் பதிவதற்குள் கடந்து போய்விடுவார்கள். சந்தை நாளில் எடுத்தாலும் படத்தில் தெரு வெறிச்சென்று இருக்கும். அசையாமல் இருப்பவர் மட்டுந்தான் விழுவார். நம் ஊரில் அப்படி யார் இருக்கப் போகிறார்கள் என்பது அவர் கணக்கு.

அந்தக் காலையில் ஒருத்தி இருந்தாள். பள்ளிவாசல் சுவரோரம், வாசலுக்கு வலப்பக்கம், கரியடுப்பும் கூடையுமாக கச்சாங் என்கிற வேர்க்கடலையை அவித்து விற்கும் நல்லம்மாள். தம்புசாமியின் சொந்த அக்கா.

இவர்கள் சிறு வயதிலேயே தகப்பனோடு தெலுக் பங்லிமா காராங் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்துக்கு வந்தவர்கள். தகப்பன் காய்ச்சலில் போனபின், அக்காதான் களையெடுத்துத் தம்பியை வளர்த்தாள். கிள்ளானில் ஒரு சீனர் படக்கடையில் கண்ணாடித் தகடு கழுவும் வேலைக்கு அவனைச் சேர்த்துவிட்டு, அங்கேயே கடைத்தெருவில் கச்சாங் கூடை வைத்தவளும் அவள்தான். கற்றுக்கொள்கிற நாளில் அவன் முன்னால் உட்கார யாரும் வரவில்லை. அக்கா உட்கார்ந்தாள். “ஆடாதக்கா” என்பான். ஈ மூக்கில் உட்கார்ந்தாலும் ஆடமாட்டாள்.

பிற்பாடு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கிளார்க் ஒருவரின் மகள் புஷ்பவல்லியைப் பெண் பார்த்தபோது, மாப்பிள்ளைக்கு உறவு உண்டா என்று கேட்டார்கள். “ஒரே அக்கா. தஞ்சாவூர்ப் பக்கம், நாலு காணி நெலத்தோட இருக்காங்க” என்றார் தம்புசாமி. நல்லம்மாளிடம் சொன்னபோது அவள் கோபப்படவில்லை. “நாலு காணி போதுமாடா? கிளார்க்கு வீடு, கூட ரெண்டு சேத்துச் சொல்லியிருக்கலாம்ல?” என்றாள். கல்யாணத்துக்கு வரவில்லை. பக்கத்தில் ஆள் இருக்கும்போது அவனைத் தம்பி என்று கூப்பிடக் கூடாது என்று தனக்குத் தானே ஒரு சட்டம் வைத்துக்கொண்டாள். அந்தச் சட்டம் தம்புசாமிக்கு வசதியாக இருந்தது. வர வர அவர் கிள்ளான் வருவதே குறைந்தது. அவள் கடைத்தெரு நடுவிலிருந்து பள்ளிவாசல் சுவரோரத்துக்கு மாறியதுகூட அவருக்குத் தெரியாது.

எனவே அன்று முக்காலியை ஊன்றிக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவருக்கு, கண்ணாடியில் தலைகீழாக, மங்கலாக, சுவரோரம் ஏதோ ஒரு மூட்டைதான் தெரிந்தது. அவளுக்கோ தம்பி நன்றாகத் தெரிந்தான். கோட்டு, தொப்பி, பெரிய கேமரா, தன்னைப் பார்த்து நீட்டிய லென்ஸ். ஊருக்கெல்லாம் பெரிய ஆளானபின் தன்னைப் படம் பிடிக்க வந்திருக்கிறான், ஆள் பார்க்கிறார்கள் என்று கூப்பிடாமல் எடுக்கிறான் என்று நினைத்தாள். சேலையைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கச்சாங் கேட்டு வந்தவனுக்குக்கூடப் பதில் சொல்லவில்லை. ஆடவேயில்லை.

பிரிக்பீல்ட்ஸில் தகட்டைக் கழுவி, முதல் பிரதியை வெயிலில் பதித்துப் பார்த்தார் தம்புசாமி. வெறிச்சென்ற தெரு. வெறிச்சென்ற பள்ளிவாசல். சுவரோரம், கழுத்துப் பாசிமணிகூட எண்ணத்தக்க தெளிவோடு, அவரையே பார்த்துக்கொண்டு அக்கா. வாழ்நாளில் அவர் எடுத்ததில் அவ்வளவு துல்லியமாக விழுந்த முகம் வேறில்லை.

வேறொருவர் என்றால் இன்னொரு தகடு எடுத்திருப்பார். அவரால் மறுபடி அந்த வாசலுக்குப் போக முடியவில்லை. மெல்லிய தூரிகையை எடுத்தார். அச்சில் வெள்ளையாக விழவேண்டிய இடத்தில் தகட்டின்மேல் சிவப்புச் சாயம் பூசுவது தொழில் வழக்கம்; பரு, மச்சம், தந்திக் கம்பி எல்லாம் அப்படித்தான் போகும். அப்படியே அக்காவும் போனாள். முதலில் காலை மறைத்தார், முகத்தைக் கடைசியில். வேலை முடிந்ததும் தகட்டைப் பினாங்கு அச்சுக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். முதல் பிரதியைக் கிழிக்கப் போனார், கிழிக்கவில்லை. கறுப்புக் காகிதத்தில் சுற்றி அலமாரியில் வைத்தார்.

அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டார். சுண்ணாம்புச் சுவர் வெள்ளைதான். ஆனால் சாயம் பூசிய இடம் அதைவிட வெள்ளை. அச்சாகி வந்த கார்டில், சுவரோரம் ஓர் ஆள் உட்கார்ந்த வடிவத்தில் ஒளி ஒன்று ஜொலித்தது. கீழே, பாவா சாய்ந்து இளைப்பாறிய பள்ளிவாசல் என்று தம்புசாமியின் தமிழும் ஆங்கிலமும்.

பிறகு சொல்ல வேண்டுமா? கார்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஜனம் கிளம்பியது. தமிழ் முஸ்லிம்களைவிட நம் இந்து ஜனம்தான் முந்தியது. ஒளி என்று வந்தால் நாம் மதம் பார்ப்பதில்லை. தொட்டுக் கும்பிட்டார்கள். சுண்ணாம்பைச் சுரண்டி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பள்ளிவாசல் டிரஸ்டி, துணிக்கடை சனாவுல்லா, சொல்லிப் பார்த்து, அதட்டிப் பார்த்து, கடைசியில் சுவரோரம் மூங்கில் தடுப்பு ஒன்று கட்டினார். தடுப்புக்குள் இருந்தது நல்லம்மாளின் இடம். அவள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம், மாட்டுவண்டி நிற்கும் சாக்கடையோரம், உச்சி வெயிலுக்குப் போனாள். பாவாவைப் பார்க்க வருகிறவர்கள் சாக்கடையோரம் கச்சாங் வாங்குவதில்லை.

ஒரு மாலை சனாவுல்லா பிரிக்பீல்ட்ஸுக்கே வந்துவிட்டார். புஷ்பவல்லி காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

“சாமி, ஒரே கேள்வி. அது என்ன?”

“எது பாய்?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்கலா. எங்க செவரு பாதி ஜனத்தோட நகத்துக்குள்ள போயிடுச்சு. படம் புடிச்சவரு நீங்க. அது அழுக்குன்னா அழுக்குன்னு ஜனத்துக்கு முன்னால வந்து சொல்லுங்க, நான் தடுப்பப் பிரிச்சிடறேன். பாவம், ஒரு கச்சாங்கார அம்மா வெயில்ல கெடக்குது.”

தம்புசாமி காப்பியைப் பார்த்தார். புஷ்பவல்லி கதவோரம் நின்றாள். அவள் பெட்டியில் அந்தக் கார்டு குங்குமத்தோடு இருந்தது.

“தகடு அப்படித்தான் விழுந்திச்சு பாய்,” என்றார்.

“அப்ப ஞாயித்துக்கிழமை வந்து அதையாவது சொல்லுங்க.”

“நானும் வரேன்,” என்றாள் புஷ்பவல்லி. “அந்த எடத்த ஒரு தரம் பாக்கணும்னு எத்தன நாளா கேக்கறேன்.”

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் போனார்கள். அவள் மடியில் மல்லிகைச் சரம். அவர் கோட்டுப் பையில் கறுப்புக் காகிதச் சுருள். அதைப் புறப்படும்போது ஏன் எடுத்தார் என்று அவருக்கே நிச்சயமில்லை. நான் ஒன்று மட்டும் சொல்வேன். வெயிலில் பதிக்கும் பிரதியை ஹைப்போ மருந்தில் முக்கி எடுத்தால்தான் அது நிலைக்கும். முக்காத பிரதி வெளிச்சம் பட்டால் கொஞ்ச நேரத்தில் கறுத்துப் போகும். முக்க ஒரு கிண்ணம் மருந்தும் அரைமணி நேரமும் போதும். இரண்டும் அவரிடம் இருந்தன. முக்காமல்தான் கொண்டுபோனார்.

பள்ளிவாசல் எதிரே கூட்டம். சனாவுல்லாவைத் தேடித் தம்புசாமி போக, புஷ்பவல்லி நிழல் தேடி வண்டிப் பக்கம் ஒதுங்கினாள். அங்கே கச்சாங் கூடை.

“சூடா இருக்கும்மா. எங்கிருந்து வரீங்க?” என்று கேட்டாள் நல்லம்மாள்.

“பிரிக்பீல்ட்ஸ். எங்க வீட்டுக்காரர்தான் அந்தப் படத்த எடுத்தவரு.”

நல்லம்மாளின் கை கூடையில் நின்றது. பிறகு ஒரு பிடி கூடவே அள்ளியது. “பெரிய எடத்து ஆளுங்க. வீட்டுக்காரருக்குச் சொந்தம்னு யாரும் இல்லையா?”

“அக்கா ஒருத்தங்க. தஞ்சாவூர்ப் பக்கம். நாலு காணி நெலம் இருக்கு.”

“வெளச்சல் எப்படி?”

“நல்ல வெளச்சலாம். அதான் விட்டுட்டு வர முடியலன்னு இவரு சொல்வாரு.”

“ஆமாமா. நெலத்த விட்டுட்டு வர முடியுமா?” என்றாள் நல்லம்மாள். “இருக்கட்டும், காசு வேணாம்மா. மொத தரம் வந்திருக்கீங்க.”

சனாவுல்லாவோடு திரும்பிய தம்புசாமி பின்னால் நின்று இதையெல்லாம் கேட்டுவிட்டார். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். யாரோ ஒரு கோட்டுக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுக் கூடைக்குத் திரும்பினாள். அவர் பையில் கையை விட்டார்.

“பாய். அது பாவா இல்ல. அழுக்கும் இல்ல. இந்தம்மாதான்.” காகிதத்தைப் பிரித்து, பிரதியை சனாவுல்லா கையில் கொடுத்தார். “இவங்க உக்காந்திருந்தாங்க. நான்தான் சாயம் பூசி மறைச்சேன்.”

சனாவுல்லா வெயிலில் பிடித்துப் பார்த்தார். “அடடே. அச்சு அசலா விழுந்திருக்கு. ஏன் சாமி மறைச்சீங்க?”

“படத்துக்கு எடுப்பா இல்லன்னு.”

பாதி உண்மைக்கே அவருக்கு வியர்த்துக் கொட்டியது. பிரதி கை மாறியது. “கச்சாங்கம்மாவேதான்லா.” “பாவாவ நான் கனவுல பாத்தேனே, அது யாரு அப்ப?” “ஒங்கிட்ட கடன் வாங்கினவன் எவனாச்சும் இருக்கும்.” ஆளுக்கு ஆள் தூக்கிப் பிடித்து, திருப்பி, விரலால் தொட்டுப் பார்த்தார்கள். வெயில் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. முதலில் சுவர் பழுப்பேறியது. பிறகு ஓடு. புஷ்பவல்லி கைக்கு வந்தபோது முகம் மட்டும் மங்கலாக மிச்சம்.

“எங்கிட்ட ஒருத்தரும் காட்டலையே,” என்றாள் நல்லம்மாள். எழுந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினாள்.

சிலேட்டுப் பலகை மாதிரி கறுத்த ஒரு காகிதம்.

அவள் அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள். “நெறம் சரியாத்தான் விழுந்திருக்கு,” என்றாள். கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு தம்புசாமியைப் பார்த்து, தணிந்த குரலில், தெரியாத மனிதரிடம் கேட்பதுபோல, “ஐயா, நான் ஆடாமத்தானே இருந்தேன்?” என்றாள்.

தம்புசாமி சுற்றிப் பார்த்தார். எதிரே சனாவுல்லா, சுற்றிலும் ஜனம், பக்கத்தில் கிளார்க்கின் மகள்.

“ஆடல,” என்றார். “நீ ஆடவேயில்லக்கா. புஷ்பம், தஞ்சாவூர்ல யாரும் இல்ல. இதான் எங்கக்கா.”

புஷ்பவல்லி மல்லிகைச் சரத்தைப் பிடித்தபடி நின்றாள். “நாலு காணி?” என்று கேட்டாள், அவரைப் பார்த்தல்ல, தரையைப் பார்த்து.

நல்லம்மாள் கூடையைக் காலால் லேசாக நகர்த்திக் காட்டினாள். “இதுதாம்மா. இந்த மாசம் வெளச்சல் சுமார்.”

சனாவுல்லா வேறு பக்கம் திரும்பி, தடுப்பைப் பிரிக்க ஆள் தேடாமல், எதிரே போய்த் தானே மூங்கிலைப் பிடுங்கினார். தம்புசாமி கரியடுப்பைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார். கோட்டு முழுக்கச் சாம்பல். ஜனத்தில் சிலர் இதைப் பார்த்தும் நம்பவில்லை. பாவா வந்து உட்கார்ந்த இடத்திலேயே கச்சாங்கம்மா தினம் உட்காருகிறாள், அதுவல்லவா பாக்கியம் என்று அவளிடமே வரிசையாக வாங்க ஆரம்பித்தார்கள். மனிதர் வாழ்நாளில் ஒருமுறை உண்மை சொன்னார்; அதையும் விலைக்கு வாங்க ஆளில்லை.

“அடுத்த வாரம் கேமராவ எடுத்துட்டு வரேன்க்கா,” என்றார் குனிந்து. “ஒழுங்கா எடுத்து, ஒழுங்கா முக்கித் தரேன்.”

“வேணாம்டா,” என்றாள் அவள், யாருக்கோ அளந்து போட்டபடி. “ஆடாம இருந்ததெல்லாம் போதும். வேல கெடக்கு.”

அந்தக் கறுப்புக் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, ஈரக் கச்சாங்கை நிரப்பிப் புஷ்பவல்லி கையில் கொடுத்தாள்.

திரும்பும் ரயிலில் புஷ்பவல்லி கச்சாங்கை உரித்துத் தின்றாள். பெட்டாலிங் தாண்டியதும் விரல்களை விரித்துப் பார்த்தாள். காகிதத்தின் கறை ஏறி, அவர் விரல் மாதிரியே இருந்தன.

“தேச்சாப் போகாது,” என்றார் தம்புசாமி. “தானா ரெண்டு மூணு நாள்ல போயிரும்.”

“அடுத்த ஞாயித்துக்கிழமை நான் கிள்ளான் போறேன்.”

“எதுக்கு?”

“எங்க நாத்தனாரப் பாக்க. ஒங்களுக்கு ஆளுங்க பாப்பாங்கன்னு இருந்தா, நீங்க வர வேணாம். தஞ்சாவூர் போயிருக்கீங்கன்னு சொல்லிக்கறேன்.”

கூம்பை அவர் பக்கம் நீட்டினாள். அவர் எடுக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் வரும்வரை அவள் கை அப்படியே, ஆடாமல், நீண்டிருந்தது.