ஆளுக்கொரு மீன்

1. பெத்லகேமிலை நிண்ட வள்ளம்

"என்ன பெயின்ரர், என்ரை வள்ளம் பெத்லகேமிலை என்ன செய்யுது?"

நத்தாருக்கு நாலு நாள் இருக்கேக்கை, குருநகர்ச் சந்தியிலை நாங்கள் கட்டின பாலன் குடிலுக்கு முன்னாலை நிண்டு சம்மாட்டி போட்ட சத்தம் இது. சம்மாட்டி எண்டால் வள்ளங்களுக்குச் சொந்தக்காரர். எங்கடை கரையிலை அவருக்குப் பதினொரு பைபர் வள்ளம். பதினொண்டுக்கும் வருசா வருசம் பெயின்ற் அடிச்சு, பேரும் நம்பரும் எழுதுறது நான். என்ரை வீட்டுச் சோத்திலை பாதி அந்த வேலையாலைதான் வாறது. அந்தாளின்ரை குரலைக் கேட்ட உடனை எனக்கு அந்தச் சோறுதான் ஞாபகம் வந்துது, ஏன் பொய் சொல்லுவான்.

வள்ளத்துக்கும் கடைக்கும் எழுதுறதுதான் முப்பது வருசமா என்ரை தொழில். குடிலுக்குப் பின்னாலை நிப்பாட்டுற பெரிய பலகைப் படமும் நான்தான் கீறுறது. மற்ற வருசங்களிலை ரெண்டு மலை, நாலு ஆடு, ஒரு வால்வெள்ளி, அவ்வளவுதான். அந்த வருசம் எனக்கு அப்பிடிக் கீற மனம் வரேல்லை.

நாடு வங்குரோத்தாகி, வாங்கிற சாமானிலை எல்லாம் வரி ஏறியிருந்த காலம். என்ரை மனிசி றீற்றா ஒரு நாள் கடையாலை வந்தவள், பையை மேசையிலை அடிச்சுப் போட்டிட்டுக் கேட்டாள்.

"ஏனப்பா, ஒரு சவுக்காரத்துக்கு நான் கட்டுற வரியும் சம்மாட்டி கட்டுற வரியும் ஒண்டுதானே? பெரிசு சின்னனா இறால் தெரிஞ்சு நாட்கூலி எடுக்கிற எனக்கும் அவருக்கும் ஒரே கணக்கோ? இது என்ன கோதாரி நியாயம்?"

 அண்டைக்கே எனக்குப் படம் கிடைச்சிட்டுது.

2. ஒரு மீன்

எங்கடை பங்குச் சுவாமியிட்டைப் போய்ச் சொன்னன். "சுவாமி, யோசேப்பும் மாதாவும் பெத்லகேமுக்கு ஊர் பார்க்கவோ போனவை? அரசாண்ட ராயன் எல்லாரையும் பேர் பதியச் சொன்னான். பதிஞ்சது வரி வாங்க. நான் இந்த முறை அந்த மேசையைக் கீறப்போறன்."

 சுவாமி, "வடிவாக் கீறு" எண்டார்.

எட்டுப் பலகை. பெத்லகேமை எங்கடை இறங்குதுறையாக் கீறினன். நடுவிலை ஒரு மேசை, மேசையிலை ராயன்ரை அதிகாரி, அவருக்கு முன்னாலை ஒரு கூடை. சனம் வரிசையிலை நிக்குது. ஒவ்வொரு ஆளும் ஒரு மீனைக் கூடையிலை போடவேணும். யோசேப்பின்ரை கையிலை இருக்கிறதே ஒரு மீன், பக்கத்திலை மாதா வயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. அவைக்குப் பின்னாலை ஒரு பணக்காரர், அவற்றை வள்ளம் நிறைய மீன். அவரும் ஒண்டுதான் போடுறார்.

சும்மா சொல்லக்கூடாது, என்ரை கையாலை வந்ததிலை அதுதான் திறம். யோசேப்பின்ரை முகத்துக்கு மாத்திரம் மூண்டு நாள் எடுத்தன்.

பிழை விட்டது வள்ளத்திலை. அந்த மாசம்தான் சம்மாட்டியின்ரை வள்ளங்களுக்கு அடிச்சு முடிச்சிருந்தன். மிஞ்சின நீலமும் மஞ்சளும் ரின்னிலை கிடந்துது. இனாமல் பெயின்ற் விக்கிற விலையிலை அதை ஆர் வெளியிலை ஊத்துவான்? அதையே எடுத்துப் படத்து வள்ளத்துக்கு அடிச்சன். அடிச்ச கை, பழக்கத்திலை மஞ்சள் கோட்டையும் வள்ளத்து முன் அணியத்திலை இழுத்துப்போட்டுது. எங்கடை கடலிலை தூரத்திலை வாற வள்ளம் ஆரின்ரை எண்டு நிறத்தைப் பார்த்துத்தான் சொல்லுறது. முப்பது வருசம் அந்த நிறங்களை அடிச்சவன் நான், எனக்கு அது தெரியாமல் போச்சு! பலகையை நிப்பாட்டின அண்டைக்கே கரை முழுக்கச் சிரிப்பு. "சம்மாட்டி ஒரு மீனோடை தப்பீட்டார்" எண்டு சின்னப் பிள்ளையளும் சொல்லுதுகள்.

3. சாம்பல் நிறம்

சம்மாட்டி சத்தம் போட்டு முடிச்சுப் பேந்து, குரலைத் தாழ்த்திக் கதைச்சார். அதுதான் எனக்குக் கூடச் சுட்டுது.

"நான் களவெடுத்தனானோ பெயின்ரர்? கேட்ட வரியைக் கட்டினனான். ஒரு சதம் ஒளிச்சனானோ? என்னை ஏன் சந்தியிலை நிப்பாட்டினனி?"

அந்தாள் சொன்னது சரி. அது எனக்கு அந்த இடத்திலையே விளங்கீற்றுது. பக்கத்திலை நிண்ட சுவாமியும் தலையை ஆட்டினார்.

"பிழை என்ரைதான், சம்மாட்டியார். விடியிறதுக்குள்ளை நிறத்தை மாத்திவிடுறன்."

"நிறத்தை மாத்தவேண்டாம்" எண்டார் அவர். "அது என்ரை வள்ளமாவே இருக்கட்டும். என்ரை கையிலை ஒரு கூடை மீனைக் கீறிவிடு. சனமும் சந்தோசப்படும், நானும் சந்தோசப்படுவன். வாற வருசக் குடில் முழுக்க என்ரை செலவு."

நல்ல பேரம். பத்து நிமிச வேலை. றீற்றா அங்காலை நிண்டு என்னையே பார்த்துக்கொண்டு நிண்டாள்.

"அது ஏலாது, சம்மாட்டியார். உங்களை அதிலையிருந்து எடுத்துவிடுறன். ஆனா மேசை கேக்கிற மீன் ஒண்டுதான்."

"அப்ப இனி என்ரை வள்ளத்திலை கை வைக்காதை" எண்டிட்டு மோட்டச்சைக்கிளை உதைச்சுக்கொண்டு போட்டார்.

பயந்தனான்தான். ஆனா றீற்றா கிட்ட வந்து, "நீ அந்த மீனிலை கை வைச்சிருந்தால் நான் அம்மா வீட்டை போயிருப்பன்" எண்டாள். அதோடை பாதிப் பயம் போட்டுது.

நிறம் மாத்தப் போனால் அங்கையும் சிக்கல். பச்சை ஒருத்தற்றை, சிவப்பு இன்னொருத்தற்றை, வெள்ளையிலை கறுப்புக் கோடு வேறை ஆளின்ரை. எந்த ரின்னைத் திறந்தாலும் கரையிலை அந்த நிறத்துக்கு ஒரு சொந்தக்காரன் இருக்கிறான். கடைசியிலை உரஞ்சித் தள்ளிப்போட்டு, முதல் பூச்சான வெறும் பிறைமர் சாம்பலை அடிச்சு விட்டன். பிறைமரோடை ஒருத்தரும் கடலுக்குப் போறதில்லை. அந்த வள்ளம் ஒருத்தற்றையும் இல்லை எண்டு ஆச்சு.

அதுக்குப் பிறகுதான் சனம் படத்தை ஒழுங்காப் பார்க்கத் தொடங்கிச்சுது. சம்மாட்டியை விட்டிட்டு மேசையைப் பார்த்துக் கதைச்சவை. கொழும்புத்துறையிலையிருந்து வந்தவை, எங்கடை பக்கத்துத் திருநெல்வேலிக் கம்பசிலை படிக்கிற பிள்ளையள் பஸ் பிடிச்சு வந்தவை. "வள்ளத்தோடை நிக்கிறவனிட்டை ஏன் அவன் கூடக் கேக்கேல்லை?" எண்டு ஒரு மீன்காரி சத்தமாக் கேட்டா. என்ரை மாதாவே, நான் கீறினது அந்தக் கேள்வியைத்தான்.

4. கதிரை

குடிலைக் கழட்டின பிறகு, அந்தப் பலகையளைக் கடற்தொழிலாளர் சங்கம் வாங்கித் தங்கடை கூட்ட அறைச் சுவரிலை அடிச்சுது. சம்மாட்டி சொன்ன சொல்லிலை நிண்டார். பதினொரு வள்ளமும் வேறை பெயின்ரரிட்டைப் போச்சுது. ரெண்டு வருசம் கடை போர்ட் எழுதியும் வீட்டுச் சுவருக்கு அடிச்சும் சமாளிச்சன்.

போன மாசம் கொழும்பிலையிருந்து ஒரு பெரிய அதிகாரி வள்ளத்து எண்ணெய் வரியைப் பற்றிச் சங்கத்திலை கதைக்க வந்தார். அவருக்குப் போட்டிருந்த கதிரை, படத்துக்கு முதுகு காட்டி இருந்துது. அவர் வந்து இருக்கப் போகேக்கை, முன்வரிசையிலையிருந்து சம்மாட்டி எழும்பினார். கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் மற்றப் பக்கம் வைச்சார்.

"ஐயா, இதிலை இருங்கோ. இஞ்சைதான் காத்து வரும்."

ரெண்டு மணித்தியாலம் அந்தப் பெரியவர், யோசேப்பின்ரை ஒரு மீனையும் சாம்பல் வள்ளக்காரரின்ரை ஒரு மீனையும் பார்த்துக்கொண்டு இருந்தார். பின்வரிசையிலை நான் நெஞ்சை நிமித்திக்கொண்டு இருந்தன்.

சுவரிலை கீற வாற பெடியளுக்கு நான் சொல்லுறது இதுதான். ஆளைக் கீறாதேங்கோ, அந்தாள் உங்களோடை மட்டும் சண்டை பிடிச்சிட்டுப் போயிடுவான். மேசையைக் கீறுங்கோ. எங்கையாவது பிழை விட்டால் வெக்கப்படாமல் உரஞ்சித் திருத்துங்கோ, ஆனா மீன் எத்தினை எண்டதை மட்டும் ஆர் சொன்னாலும் மாத்தாதேங்கோ.

சம்மாட்டியின்ரை வள்ளங்கள் இண்டைக்கும் என்னட்டை வாறதில்லை. வராட்டிப் போகட்டும். அந்தக் கதிரையைத் தூக்கினது அவர்தானே.